ஷூ கடித்தால்: வலிக்கும் இடத்தை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

கடைக்குத் திரும்பி வரும் ஷூக்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தோடுதான் வரும்: "கடிக்குதுங்க, ஒரு சைஸ் பெரிசா குடுங்க." கொடுத்துவிடலாம், வியாபாரத்துக்கு அதுதான் சுலபம். சுண்டுவிரல் தப்பிக்கும். பத்து நாள் கழித்து அதே ஆள் குதிகால் தோல் உரிந்து வந்து நிற்பார். ஒரு சைஸ் ஏற்றினால் நீளம் எட்டு மி.மீ.க்கு மேல் கூடும், அகலம் சுமார் இரண்டு மி.மீ.தான் கூடும். அகலத்தில் இருந்த குறையை நீளத்தால் அடைக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை ஸ்கேன் செய்து அளந்தது. நம் கால் ஐரோப்பியக் காலைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. அதை வைத்து 'பா' என்று ஓர் இந்திய அளவுமுறையும் உருவாக்கினார்கள். ஆனால் நான் தினமும் பிரிக்கும் பெட்டிகளில் யுகே எண்தான் இருக்கிறது. எனவே அகலத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் புகார் எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாதது முதலில், செலவு வைப்பது கடைசியில். ஒரு விஷயம் மட்டும்: உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் நடுவில் உள்ளதை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதிக்கு முதலில் போங்கள்.

## எல்லாரும் முதலில் செய்ய வேண்டியது: பேப்பர் சோதனை

மாலையில் செய்யுங்கள். பகல் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவுதான் வேண்டும். தரையில் பேப்பரைப் போட்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி, எழுந்து நின்றுகொள்ளுங்கள். உட்கார்ந்து எடுத்த அளவு உதவாது, எடை இறங்கினால்தான் பாதம் விரியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறு யாராவது கோடு போடட்டும். இரண்டு காலையும் வரையுங்கள். பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அவர்கள் அந்த விரலிலிருந்து அளக்க வேண்டும்.

அப்புறம் ஷூவின் உள்ளே இருக்கும் சோலை உருவி எடுத்து, அந்தப் படத்தின் மேல் வையுங்கள். ஒட்டியிருந்து உருவ வராவிட்டால் ஷூவையே கவனமாக வைத்துப் பார்க்கலாம்.

- விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. வரை, அதாவது ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் அகலம், இடம் இருந்தால் நீளம் சரி.
- பக்கவாட்டில் பென்சில் கோடு சோலைத் தாண்டி வெளியே நின்றால் அகலம் போதாது. எண்ணை மாற்றி இது தீராது, மாடலைத்தான் மாற்ற வேண்டும்.
- கட்டைவிரலின் அடிமூட்டு, ஷூ மடங்கும் இடத்துக்கு நேராக வரவேண்டும். முன்னே பின்னே இருந்தால் நீளம் சரியாக இருந்தாலும் அந்த ஷூ உங்களுடையது அல்ல.

பெட்டியில் இருக்கும் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். யுகே 8 என்பது பெரும்பாலும் ஐரோப்பிய எண் 42, ஆண்களுக்கான அமெரிக்க எண் 9. ஆன்லைனில் வாங்கி "எட்டுதான் கேட்டேன், டைட்டா இருக்கு" என்பவர்களில் சிலர் அமெரிக்க எட்டை வாங்கியிருப்பார்கள். கல்யாணத்தின்போது எடுத்த சைஸே இன்றைக்கும் உங்கள் சைஸ் என்றும் நினைக்க வேண்டாம். வயதாக ஆகப் பாதம் தளர்ந்து நீளும். குழந்தை பெற்ற பெண்கள் பலருக்குக் கால் கூடினது கூடினதுதான், குறைவதில்லை.

## சுண்டுவிரலிலோ கட்டைவிரல் பக்கத்திலோ கடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான்.

லேஸ் எப்படிக் கட்டியிருக்கிறது? கடையில் கோத்துக் கொடுத்தபடியே முடிச்சை அவிழ்க்காமல் காலை நுழைத்து நுழைத்து எடுப்பவர்கள் நிறைய. அப்படியென்றால் முன்பக்க இரண்டு ஜோடி ஓட்டைகளில் லேஸைத் தளர்த்துங்கள், மேலே மட்டும் இறுக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும்.

சாக்ஸ் தடிமனா? மெல்லியதாக மாற்றிப் பாருங்கள். விரல் பக்கத்துத் தையல் புடைத்திருந்தால் உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டால் தெரிந்துவிடும்.

ஒரே புள்ளியில் மட்டும் கடிக்கிறதா? கையை உள்ளே விட்டு அந்த இடத்தைத் தடவுங்கள். தையல் முடிச்சோ, மடிந்த துணியோ, காய்ந்த பசையோ தட்டுப்படும். செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் தட்டிச் சமப்படுத்திக் கொடுப்பார்.

பக்கம் முழுக்க அழுத்துகிறதா? இங்கே பொருள் என்ன என்பது முக்கியம். தோல் என்றால், உள்ளே கட்டை கொடுத்து ஓரிரண்டு நாள் வைத்தால் அகலத்தில் கொஞ்சம் இளகும். நீளத்தில் இளகாது, யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ரெக்ஸின் என்றால் இளகாது; இழுத்தால் விரிந்தது போலத் தெரிந்து பழைய இடத்துக்கே வரும், அல்லது வெடிக்கும். "போடப்போட சரியாகிடும்" என்று விற்பவர் சொன்னால், தோலா ரெக்ஸினா என்று திருப்பிக் கேளுங்கள்.

பேப்பர் சோதனையில் கோடு வெளியே நின்றதா? மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. முன்பக்கம் வட்டமாக, விரல்கள் கிடக்கும் வடிவத்திலேயே இருக்கும் மாடலைத் தேடுங்கள். சில கம்பெனிகளில் அதே எண்ணில் அகல வகை தனியாகக் கிடைக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ஏற்றுமதி மிச்ச ஷூக்களை நானும் விரும்பித்தான் வாங்குவேன், தோல் அருமையாக இருக்கும். ஆனால் அவை வெளிநாட்டுக் கால் வடிவத்துக்குச் செய்தவை. போட்டு நடந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

எப்போது மருத்துவர்? கட்டைவிரல் அடியில் எலும்பு வெளியே புடைத்து, விரல் இரண்டாம் விரல் மேல் சாயத் தொடங்கினால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அகல ஷூ வலியைக் குறைக்கும், சாய்ந்த விரலை நேராக்காது. இன்னொன்று: ராத்திரியில் திடீரென்று கட்டைவிரல் மூட்டு சிவந்து, சூடாகி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் ஷூ மேல் பழி போடாதீர்கள். யூரிக் அமிலத்தால் வரும் வாதமாக இருக்கலாம், அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

## குதிகாலில் தோல் உரிகிறது

நடக்கும்போது குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறதா என்று யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஏறி இறங்குகிறது. ஷூ தளர்வு. முதலில் லேஸ். ஸ்போர்ட்ஸ் ஷூவில் மேலே கடைசி ஓட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஒதுங்கி இன்னொரு ஓட்டை இருக்கும். சும்மா விட்டது என்று நினைத்துப் பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அந்தந்தப் பக்கத்திலேயே வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சின்ன வளையம் உண்டாக்குங்கள், இரண்டு பக்கமும். பிறகு இடது நுனியை வலது வளையத்திலும் வலது நுனியை இடது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து, வழக்கம்போல முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் இறுக்க வேண்டியதே இல்லை.

இதற்கும் அசைந்தால் உள்ளே இன்னொரு மெல்லிய சோல் போடலாம். அதற்கும் அசைந்தால் ஷூ நீளம், மாற்றத்தான் வேண்டும்.

கட் ஷூ என்றால் கதை வேறு. லேஸே இல்லை, பிடிப்பதற்கு வழியும் இல்லை. அதை வாங்கும்போதே கொஞ்சம் பிடிப்பாக எடுக்க வேண்டும், ஏனென்றால் தோல் இளகும். ஏற்கெனவே தளர்ந்துபோனதற்கு, மேல்பாதம் படும் இடத்தில் உள்பக்கம் ஒரு மெத்தைத் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். அது காலைப் பின்னுக்குத் தள்ளும். குதிகால் பக்கம் பஞ்சு ஒட்டுவதுதான் எல்லாரும் செய்வது. அது காலை முன்னே தள்ளி விரலை இடிக்க வைக்கும்.

ஏறி இறங்கவில்லை, ஆனாலும் உரிகிறது. பின்பக்க விளிம்பு விறைப்பாக இருக்கிறது. புது ஷூவை முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று போட்டுப் பழக்குங்கள். உரியும் இடத்தில் முன்கூட்டியே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள், உரிந்த பிறகு அல்ல. விளிம்பு கணுக்கால் எலும்பிலேயே இடித்தால் பழக்கிப் பயனில்லை, மாடலை மாற்றுங்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். தானாக உடைந்தால் சுத்தம் செய்து மூடி வையுங்கள். சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் என்று எது வந்தாலும் மருத்துவர்.

## விரல் நுனி இடிக்கிறது, நகம் கறுக்கிறது

முதலில் நகத்தைப் பாருங்கள். நீளமாக இருந்தால் நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடைந்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும்.

நகம் வெட்டியும் இடித்தால், ஷூ சிறிதா, பெரிதா என்று பிரித்தறிய வேண்டும். ஆமாம், பெரிய ஷூவிலும் விரல் இடிக்கும். கால் உள்ளே வழுக்கி முன்னால் போய் மோதும். லேஸைத் தளர்த்தி விரலை முன்சுவர் வரை தள்ளி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தால் நீளம் போதும். நுழையவே இல்லையென்றால் ஷூ சிறிது. போதுமான நீளம் இருந்தும் மாடிப்படி இறங்கும்போது மட்டும் இடித்தால் அது வழுக்கல். குதிகால் பகுதியில் சொன்ன லேஸ் கட்டுதான் இதற்கும் மருந்து. மலை இறங்குபவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் நகம் கறுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கறுத்த நகம் மெல்ல வளர்ந்து வெளியே போகும். கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும், பொறுமை வேண்டும். நகத்தின் அடியில் தாங்க முடியாமல் விண் விண் என்று தெறித்தால் உடனே மருத்துவர். அடிபட்ட ஞாபகமே இல்லாமல் ஒரு கறுப்புக் கோடு தோன்றி, நகம் வளர்ந்தும் அது நகராமல் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

## மேல்பாதம் அழுத்துகிறது

வலிக்கும் இடத்துக்கு நேரான ஓட்டைகளில் குறுக்கே கோக்காமல், லேஸை அந்தந்தப் பக்கத்திலேயே மேலே ஏற்றிவிடுங்கள். ஷூவின் நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்து மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் பலிக்காவிட்டால் உங்கள் மேல்பாதம் உயரம். லேஸ் வைத்த, மேலே திறப்பு பெரிதான மாடல் எடுங்கள்.

## கால் ஆணி திரும்பத் திரும்ப வருகிறது

முதலில் அது ஆணிதானா என்று பாருங்கள். நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரண்டு விரலால் பக்கவாட்டில் கிள்ளினால் வலித்து, உள்ளே கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் அது மருவாக இருக்கலாம். மருவுக்கு ஷூ மாற்றிப் பயனில்லை, தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஆணி என்றால் அந்த இடத்தில் ஏதோ அழுத்துகிறது. உள்சோலில் அதே இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். சோலை மாற்றினாலே பாதி குறையும். வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். மெடிக்கலில் கிடைக்கும் ஆணி பிளாஸ்டரில் அமிலம் இருக்கிறது, ஆணியின் மேல் மட்டும் படவேண்டும். பிளேடு வேண்டாம். முடிவெட்டுபவரிடம் காலைக் கொடுப்பதும் வேண்டாம்.

## முன்பாதத்தில் எரிச்சல், விரல் மரத்துப்போகிறது

- நின்றால் எரிகிறது, ஷூவைக் கழற்றினால் குறைகிறது: சோல் தேய்ந்து மெலிந்திருக்கும், இல்லையென்றால் குதி உயரம். குதி உயர உயர உடல் எடை முன்பாதத்துக்கு வரும்.
- மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையில் மரப்பும், கூழாங்கல்லை மிதிப்பது போன்ற உணர்வும்: நரம்பு நெரிபடுகிறது. முன்பக்கம் அகலமான, குதி தாழ்ந்த ஷூவுக்கு மாறுங்கள். சில வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவர்.
- இரண்டு காலிலும், ஷூ போடாத ராத்திரியிலும் எரிகிறது: புது ஷூ வாங்கும் முன் சர்க்கரை டெஸ்ட் எடுங்கள்.

## காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் குத்துகிறது

நாலு எட்டு நடந்தால் குறைந்து, மாலையில் மறுபடி வரும். பாதத்தின் அடியில் ஓடும் தசைநார் இழுபட்டு வரும் வலி இது. ஷூவைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள். வீட்டில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்றும் போடுவதில்லை என்பார்கள். டைல்ஸ், கிரானைட் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு சமையல், அதற்கு மேல் தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பு.

முதலில் வீட்டுக்கென்று மெத்தென்ற ஒரு செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், படுக்கையிலிருந்து இறங்கும் முன்பே அதைப் போடுங்கள். அப்புறம் சுவரில் கை ஊன்றி கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, தினமும். வெளியே போட, குதி லேசாக உயர்ந்த, பின்பக்கம் விறைப்பான ஷூ. எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்ணிய காற்றறைகள் உள்ள மென்மையான ரப்பர் செருப்பு, பலருக்கு ஒத்துவரும். ஆனால் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் மென்மை என்று இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழ வேண்டும்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்று பயந்து வருபவர்கள் உண்டு. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும், அதனால் அதை மட்டும் வைத்துக் கலங்க வேண்டாம். இத்தனையும் செய்து ஒன்றரை மாதத்தில் மாற்றம் இல்லை, விழுந்த பிறகு வந்த வலி, வீக்கம், கால் ஊன்றவே முடியவில்லை என்றால் மருத்துவர்.

## அடிசோல் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது

குதியின் வெளிப்பக்க ஓரம் கொஞ்சம் தேய்வது இயல்பு, விட்டுவிடுங்கள். உள்பக்கம் தேய்ந்து, மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஷூ உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், பாத வளைவுக்குத் தாங்கல் உள்ள சோல் போட்டுப் பாருங்கள். ஒரு ஷூ மட்டும் வேறு மாதிரி தேய்ந்து முழங்காலோ இடுப்போ வலித்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள், அந்தப் பழைய ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

விசேஷத்துக்கு என்று பெட்டியிலேயே வைத்திருந்த ஷூ, போட்ட அன்றே சோல் பொடியாக உதிர்கிறதா? உங்கள் நடையில் தவறில்லை. பாலியூரித்தேன் சோல் காற்றில் உள்ள ஈரத்தால் நாளடைவில் சிதையும். பசை போட்டு ஒட்டினால் நிற்காது, சோலையே மாற்ற வேண்டும்.

## பள்ளி ஷூ: குழந்தை ஒன்றும் சொல்வதில்லை

ஜூனில் இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து, முன்னால் பஞ்சு அடைத்து அனுப்புவது நம் ஊர் வழக்கம். செலவு புரிகிறது. ஆனால் அந்தக் குழந்தை ஷூ கழன்று விழாமலிருக்க விரலை மடக்கிக்கொண்டே நடக்கும், ஓடினால் தடுக்கும். விரலுக்கு முன்னால் 12 முதல் 15 மி.மீ. போதும். வளரும் இடமும் அதற்குள் வந்துவிடும்.

சிறிதாகிப் போனதையும் குழந்தை சொல்லாது. இளசான கால் வளைந்து கொடுத்துவிடும். வகுப்பில் ஷூவைக் கழற்றி வைக்கிறதா, சாக்ஸைக் கழற்றினால் விரல் மேல் சிவப்புத் தழும்பு இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பரீட்சை லீவில், உள்சோலை உருவி அதன்மேல் நிற்க வையுங்கள். சாக்ஸையும் பாருங்கள், துவைத்துச் சுருங்கிய சாக்ஸும் விரலை மடக்கும். அண்ணன் போட்ட ஷூவைத் தம்பிக்குக் கொடுக்கும் முன் உள்ளே பள்ளம் விழுந்திருக்கிறதா, குதி சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஓடி ஆடும் குழந்தை நொண்டினாலோ, ஷூ இல்லாமலும் வலிக்கிறது என்றாலோ, குழந்தை மருத்துவர்.

## சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

உங்களுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. அதில் முதல் தடயம் வலி. பல வருடச் சர்க்கரையில் பாத உணர்வு குறைந்திருந்தால் அந்த வலியே வராது. ஷூவுக்குள் கல் கிடந்து நாள் முழுக்க நடந்தவர்கள் உண்டு. உணர்வு குறைந்தவர்கள் காலில் தெரிய வேண்டும் என்று இறுக்கமாக வாங்குவதும் நடக்கிறது, அதனால் போட்டுப் பார்ப்பதை நம்பாமல் பேப்பர் அளவை நம்புங்கள்.

போடும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். புது ஷூவை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த ஷூ வேண்டாம். விரலிடுக்குச் செருப்பு வேண்டாம். பின்பட்டையும் ஒட்டும் பட்டையும் உள்ள, உள்ளே தையல் தட்டாத எம்.சி.ஆர். செருப்பு நல்லது. ஆணி பிளாஸ்டர், பிளேடு, வெந்நீரில் கால் வைப்பது எதுவும் கூடாது.

கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் என்று எதைப் பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவர். பாதம் ஒன்று மட்டும் வலியில்லாமல் வீங்கிச் சூடாக இருந்தால் அந்தக் காலை ஊன்றுவதையும் நிறுத்திவிட்டுப் போங்கள், எலும்பு உள்ளேயே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். காயம் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை.

கோயிலில் செருப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். சித்திரை, வைகாசியில் பிராகாரக் கல் சுடுவது உணர்வு குறைந்த காலுக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம் இருக்கும். வெயில் ஏறும் முன் போய் வந்துவிடுங்கள், கெட்டியான பருத்திச் சாக்ஸும் போட்டுக்கொள்ளுங்கள்.